வலப்பக்கம் திரும்பினால் கடல்

உன்னால் முடியாது என்று யாராவது காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்களா? வங்கி மேலாளரோ, தேர்வு வாரியமோ, நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருந்தவரோ, பெண் கேட்டுப் போன வீட்டாரோ? அப்படியானால் தம்பி, தங்கையே, வா, உட்கார். உன்னிடம் ஓர் உருக்காலையின் கதையைச் சொல்ல வேண்டும்.

1968ஆம் ஆண்டின் இறுதியில் உலக வங்கி தென்கொரியாவைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. தாதுவிலிருந்து எஃகு வரை எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் செய்யும் பெரிய உருக்காலை அந்த நாட்டுக்குக் கட்டுப்படியாகாது என்பது அதன் சாரம். அறிக்கையை எழுதியவர் முட்டாள் இல்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். கொரியாவிடம் போதிய இரும்புத்தாது இல்லை. உலைக்கு வேண்டிய கல்கரிக்கான நிலக்கரி இல்லை. இப்படி ஓர் ஆலையைக் கட்டியவர் இல்லை, நடத்தியவர் இல்லை. போர் ஓய்ந்து பதினைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. தலைக்கு ஆண்டு வருமானம் சுமார் 200 டாலர். எஃகை வாங்க உள்நாட்டில் பெரிய கார் ஆலையும் இல்லை, பெரிய கப்பல்துறையும் இல்லை. கணக்கு எல்லாப் பக்கமும் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரவை யாரும் எழுதவில்லை. அந்த வரவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கதாநாயகனின் பெயர் பார்க் டே-ஜூன். 1927இல், இன்று பூசான் நகர எல்லைக்குள் இருக்கும் கடலோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். கொரியா ஜப்பானின் அடிமையாக இருந்த காலம். சிறு வயதிலேயே குடும்பத்தோடு ஜப்பானுக்குப் போனார். வாசெடா பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்துக்கொண்டிருந்தபோது நாடு விடுதலை பெற்றது. படிப்பை முடிக்காமலே ஊர் திரும்பினார், ராணுவத்தில் சேர்ந்தார், கொரியப் போரில் சண்டையிட்டார், மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். பிறகு நட்டத்தில் தள்ளாடிய அரசு டங்ஸ்டன் நிறுவனத்தை லாபத்துக்குக் கொண்டுவந்தார். அதிபர் பார்க் சுங்-ஹீ அவரைக் கூப்பிட்டு உருக்காலையைக் கையில் கொடுத்தார். உலோகவியல் படித்தவர் இல்லை. ஒரு ஊது உலையைக்கூட இயக்கியவர் இல்லை. 'எனக்கு இந்தத் துறையில் அனுபவம் இல்லை சார்' என்று நீ விண்ணப்பத்தைப் பாதியில் மூடி வைத்தாயே, அந்த நாளை இங்கே நினைத்துக்கொள்.

1968 ஏப்ரல் 1 அன்று போஹாங் உருக்காலை நிறுவனம் பிறந்தது. இன்று உலகம் போஸ்கோ என்று அழைப்பது இதைத்தான். பிறந்தபோது ஊழியர்கள் நாற்பது பேர்கூட இல்லை. இடம், நாட்டின் கிழக்குக் கரையில் யோங்கில் விரிகுடாவை ஒட்டிய மணல்வெளி. அங்கே மரத்தால் ஒரு சின்ன மாடிக்கட்டடம் எழுப்பினார்கள். கள அலுவலகம் அதுதான். காற்று கிளம்பினால் மணல் கண்ணில் அறையும், சோற்றில் விழும், வரைபடத் தாளை மூடும். பாலைவனப் போரில் பேர்வாங்கிய ஜெர்மானியத் தளபதியை நினைத்து அந்தக் குடிலுக்கு ரோமல் மாளிகை என்று ஊழியர்களே பேர் வைத்தார்கள். இரவில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் படுத்தார்கள்.

ஆலைக்காகச் சுற்றியிருந்த ஊர்களைக் காலி செய்தார்கள். அனாதைக் குழந்தைகளை வளர்த்துவந்த கத்தோலிக்கக் கன்னியர் மடம் ஒன்றும் இடம்பெயர்ந்தது. அந்த ஆண்டு அதிபர் வந்து, இடித்துப் போட்ட வீடுகளையும் புழுதியையும் பார்த்தார். பிறர் வீடுகளையெல்லாம் இடித்துவிட்டோமே, ஆலை வருமா வராதா என்று வருத்தத்தோடு கேட்டார். பக்கத்தில் நின்ற பார்க் டே-ஜூனின் முதுகுத்தண்டு சில்லிட்டிருக்கும். ஏனென்றால் கையில் காசில்லை. மேலைநாட்டு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு ஒன்று பணமும் தொழில்நுட்பமும் தருவதாகச் சொல்லியிருந்தது. உலக வங்கியின் அறிக்கை வந்ததும் அந்தக் கூட்டமைப்பு தயங்கியது.

1969இன் தொடக்கத்தில் பார்க் டே-ஜூன் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்கே போனார். கூட்டமைப்பின் தலைமை நிறுவனமான காப்பர்ஸின் தலைவர் முன் உட்கார்ந்து மன்றாடினார். பதில், இல்லை. அந்த மனிதர் நல்லவர். வெறுங்கையோடு திரும்புகிறவரைப் பார்த்து மனம் கேளாமல், போகிற வழியில் ஹவாயில் தங்கள் விடுதியில் தங்கி இளைப்பாறிவிட்டுப் போங்கள் என்றார். தோற்றவனுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு.

ஹவாய்க் கடற்கரையில் பார்க் டே-ஜூன் இளைப்பாறவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்தார். யாரிடம் கேட்கலாம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்டார். அங்கேதான் பொறி தட்டியது. 1965இல் ஜப்பானும் கொரியாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அடிமைக் காலத்துக் கணக்குத் தீர்ப்பாக 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் மலிவு வட்டிக் கடனும் ஜப்பான் தவணை தவணையாகக் கொடுக்க வேண்டும். வேளாண்மைக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் என்று ஒதுக்கியிருந்த பணத்தில் ஒரு பகுதி செலவாகாமல் கிடந்தது. அதை உருக்காலைக்குத் திருப்ப முடியுமா?

அதற்கு ஜப்பான் சம்மதிக்க வேண்டும். அவர் டோக்கியோவுக்குப் பறந்தார். எஃகு நிறுவனங்களின் தலைவர்களைப் பார்த்தார், அவர்கள் மதிக்கிற பெரியவர்களைப் பார்த்தார், அமைச்சர்களின் வாசலில் நின்றார். தொழில்துறை அமைச்சராக இருந்த ஓஹிரா மசயோஷி முதலில் மறுத்தார். உங்கள் நாட்டுக்கு முதலில் விவசாயம்தான் என்றார். பார்க் டே-ஜூன் சோர்ந்து போகவில்லை, படிக்கப் போனார். 1901இல் யவாதா உருக்காலையை ஜப்பான் இயக்கத் தொடங்கியபோது அந்த நாடு எவ்வளவு ஏழையாக இருந்தது என்ற விவரத்தைத் தேடி எடுத்துவந்து, அதே அமைச்சரின் முன் வைத்தார். அன்று உங்களுக்குக் கட்டுப்படியானது இன்று எங்களுக்கு ஏன் ஆகாது? இந்தக் கேள்விக்கு அமைச்சரிடம் பதில் இல்லை.

கவனி. மறுத்தவரிடம் அவர் அழவில்லை, சவால் விடவில்லை, சமூக ஊடகத்தில் புலம்புவதுபோல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியவில்லை. அடுத்த சந்திப்புக்கு ஒரு புள்ளிவிவரத்தோடு போனார். உன்னை நிராகரித்த இடத்துக்கு இரண்டாம் முறை போகும்போது உன் கையில் புதிதாக என்ன இருந்தது? அதே கண்ணீரும் அதே விண்ணப்பமும்தானே? மறுபடி போ. ஆனால் கனத்த கையோடு போ.

1969 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இழப்பீட்டு நிதியிலிருந்து 7 கோடியே 37 லட்சம் டாலர். ஜப்பானின் ஏற்றுமதி இறக்குமதி வங்கிக் கடன் 5 கோடி டாலர். உலகம் இல்லை என்று சொன்ன பணம் வந்துவிட்டது.

இப்போது அந்தப் பணத்தின் கதையைக் கேள். இந்தக் கதையில் என்னை உலுக்குவது ஆலையைவிட இந்தப் பணம்தான். சுரங்கத்துக்கும் ஆயுத ஆலைக்கும் போர்முனைக்கும் இழுத்துச் செல்லப்பட்ட கொரியர்கள் உண்டு. ஊர் திரும்பாமலே செத்தவர்கள் உண்டு. அவர்களுக்கு இழைத்த கொடுமையின் கணக்கில் வந்த காசு அது. அதில் பாதிக்கப்பட்டவர்களின் கைக்குப் போனது மிகக் கொஞ்சம். எங்கள் பங்கு எங்கே என்று அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பிற்காலத்தில் போஸ்கோ மீது வழக்குப் போட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. எந்த வெற்றியும் அந்தக் கேள்வியை அழித்துவிடாது. நிறுவனம் பல ஆண்டுகள் கழித்து அவர்களுக்கான அறக்கட்டளைக்கு நிதி கொடுத்தது.

பார்க் டே-ஜூனுக்கு அந்தக் காசின் எடை தெரியும். ஊழியர்களை மணல்வெளியில் வரிசையாக நிறுத்தினார். இது முன்னோரின் ரத்தத்துக்கு விலையாக வந்த பணம் என்றார். இதைக் கொண்டு ஆலை கட்டத் தவறினால் நாம் வரலாற்றுக்கும் மக்களுக்கும் துரோகம் செய்தவர்கள். அப்படித் தவறினால் எல்லோரும் வலப்பக்கம் திரும்புவோம், நேராக நடந்து யோங்கில் கடலில் விழுந்து சாவோம் என்றார். அவர்கள் நின்ற இடத்துக்கு வலப்பக்கம் உண்மையிலேயே கடல்தான்.

உயிரை விடும் பேச்சை நான் உனக்குச் சொல்லித்தர வரவில்லை. ஒரு போர்வீரன் தன் காலத்து மொழியில் பேசினான். நீ தோற்கலாம், தோற்றாலும் வாழத்தான் வேண்டும், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. நான் உன்னைப் பார்க்கச் சொல்வது அவர் நம்பிக்கையை எங்கிருந்து எடுத்தார் என்பதை. 'நான் திறமைசாலி' என்று கண்ணாடி முன் நின்று சொல்லி எடுத்தாரா? அவருக்குத் திறமை இருந்ததற்கு அன்று எந்த அத்தாட்சியும் கிடையாது. பிறர் தனக்காகக் கொடுத்த விலையிலிருந்து எடுத்தார். கடன்பட்டவனின் வேகம் அது.

உனக்கும் அந்தக் கடன் இருக்கிறது. உன் கல்லூரிக் கட்டணத்துக்கு உன் அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போனது. திரும்பி வந்ததா? உன் அக்கா பத்தாம் வகுப்போடு நின்று பனியன் கம்பெனிக்குப் போனாள், அந்தச் சம்பளத்தில் நீ டியூஷன் போனாய். அப்பா வெளிநாட்டில் கட்டடச் சாரத்தில் நின்றார். ஒரு வீட்டில் முதல் பட்டதாரி வருகிறான் என்றால் அந்த வீட்டில் இரண்டு மூன்று பேருடைய கனவு காலியாகியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காசில் படித்துவிட்டு, 'எனக்குத் தன்னம்பிக்கை குறைவு' என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறதா? உன்மேல் உனக்கு நம்பிக்கை இல்லாவிட்டால் போகட்டும். அந்த வளையலைக் கழற்றிக் கொடுத்தவளுக்கு உன்மேல் இருந்ததே, அதை எடுத்துக்கொண்டு நட! உலக வங்கியின் கணக்கில் விட்டுப்போன வரவு இதுதான். உன்னைப் பற்றி அறிக்கை எழுதுகிறவர்களின் கணக்கிலும் இது விட்டுத்தான் போகிறது.

1970 ஏப்ரல் 1 அன்று கட்டுமானம் தொடங்கியது. ஆண்டுக்கு 10 லட்சத்து 30 ஆயிரம் டன் எஃகு செய்யும் ஆலை. அதில் அவர்கள் செய்த ஒரு தந்திரத்தை நான் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. வழக்கமாக முதலில் ஊது உலை, பிறகு எஃகு செய்யும் பகுதி, கடைசியில் உருட்டாலை என்றுதான் கட்டுவார்கள். இவர்கள் தலைகீழாகக் கட்டினார்கள். கடைசியில் வரவேண்டிய உருட்டாலைகளை முதலில் முடித்தார்கள். வெளிநாட்டிலிருந்து எஃகுப் பாளங்களை இறக்குமதி செய்து, அவற்றைத் தகடாக உருட்டி விற்றார்கள். சொந்த உலையில் ஒரு சொட்டு இரும்பு உருகுவதற்கு முன்பே பணம் வரத் தொடங்கியது. ஆட்களுக்கும் இயந்திரத்தில் கை பழகியது. 'எல்லாம் தயாரானதும் ஆரம்பிக்கிறேன்' என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறாயே, உன் வேலையின் எந்த நுனி இன்றைக்கே காசு தரும் என்று பார்த்தாயா?

உருட்டாலையின் அடித்தள வேலை 1971இல் பல மாதம் பின்தங்கியது. அவசர நிலை அறிவித்தார் பார்க் டே-ஜூன். ஒரு நாளைக்கு 700 கன மீட்டர் கான்கிரீட் போட்டே ஆக வேண்டும். கணக்கெழுதும் எழுத்தர் முதல் மேலதிகாரி வரை களத்தில் இறங்கினார்கள். இரவெல்லாம் விளக்கொளியில் கலவை லாரிகள் ஓடின. ஓட்டுநர்கள் தூக்கக் கலக்கத்தில் வண்டியை ஓரங்கட்டினால் தலைவரே போய்க் கதவைத் தட்டினார். இரண்டு மாதத்தில் பின்தங்கல் சரியானது.

இதற்கிடையே நூற்றுக்கணக்கான இளைஞர்கள் பயிற்சிக்கு ஜப்பானிய ஆலைகளுக்குப் போனார்கள். பகலில் பார்த்ததையும் கேட்டதையும் இரவில் விடுதியில் உட்கார்ந்து நோட்டில் எழுதினார்கள். தங்கள் தகப்பன்மாரை அடிமைகளாக நடத்திய நாட்டின் ஆலையில், கைகட்டி நின்று பாடம் கேட்டார்கள். எளிதா அது? ரோஷம் உள்ளவனுக்கு எளிதே இல்லை. ஆனால் ரோஷத்தை அவர்கள் வாயில் வைத்துக்கொள்ளவில்லை, நோட்டில் வைத்துக்கொண்டார்கள்.

1973 ஜூன் 8. முதல் ஊது உலைக்குத் தீ வைத்தார்கள். சூரிய ஒளியிலிருந்து எடுத்த நெருப்பு அது. ஊது உலை என்பது மாடி மாடியாக உயர்ந்து நிற்கும் இரும்புக் கோபுரம். மேலிருந்து தாதுவும் கல்கரியும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காக விழும். கீழிருந்து ஆயிரம் டிகிரிக்கும் மேல் சூடேற்றிய காற்றைச் சுற்றிலும் உள்ள குழாய்கள் ஊதித் தள்ளும். கரி எரிந்து, வாயு மேலேறி, தாதுவில் உள்ள உயிர்வளியைப் பிரித்தெடுக்க, இரும்பு உருகிச் சொட்டுச் சொட்டாக அடியில் தேங்கும். உள்ளே நடப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. கணக்கு எங்கேனும் பிசகினால், உருகியது உள்ளேயே உறைந்து கல்லாகிவிடும். அப்புறம் உலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அன்றைய இரவு அங்கே யாருக்கும் தூக்கம் வந்திருக்காது.

மறுநாள், ஜூன் 9. காலை ஏழரை மணி. தீ வைத்து 21 மணி நேரம். களிமண்ணால் அடைத்த வாயைத் துளைத்தார்கள். பொறி பறந்தது. புகை வந்தது. அடுத்து, ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று இரும்பு ஓடி வந்தது. மணல் வாய்க்காலில் நெளிந்து ஓடும் அந்த நெருப்பைப் பார்த்து அங்கிருந்த அத்தனை பேரும் இரண்டு கைகளையும் உயர்த்திக் கூவினார்கள். அந்தப் புகைப்படம் இன்றும் இருக்கிறது. தேடிப் பார். தலைக்கவசத்தோடு, கசங்கிய உடையோடு, கண்ணீரோடு நிற்கிறவர்களில் ஒருவனாக நீ நின்றிருக்கக் கூடாதா என்று ஏங்குவாய். கொரியா அந்த ஜூன் 9ஐ இன்றும் எஃகு நாளாகக் கொண்டாடுகிறது.

கட்டுப்படியாகாது என்று சொன்ன ஆலை, ஓடத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே லாபம் காட்டியது.

முதல் வெற்றி கிடைத்ததும் மனிதர்கள் தளர்வார்கள். உனக்கும் எனக்கும் வரும் வியாதி அது. 1977இல், மூன்றாம் கட்ட விரிவாக்கத்தின்போது, உலைக்குக் காற்றும் மின்சாரமும் தரும் நிலையம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. எண்பது விழுக்காடு வேலை முடிந்துவிட்டது. பார்வையிட வந்த பார்க் டே-ஜூனின் கண்ணில் அடித்தளக் கான்கிரீட்டில் இருந்த குறை பட்டது. ஒழுங்காகப் போடவில்லை. பூசி மறைத்துவிடலாம். மண்ணுக்கடியில் போகிற விஷயம், யார் பார்க்கப் போகிறார்கள்? கெடுவோ நெருக்குகிறது.

வெடி வைத்துத் தகர்க்கச் சொன்னார்.

அதுவும் ரகசியமாக இல்லை. ஒப்பந்ததாரர்கள், மேற்பார்வையாளர்கள், வெளிநாட்டுப் பொறியாளர்கள், தன் ஊழியர்கள் எல்லோரையும் கூப்பிட்டு எதிரே நிறுத்திக்கொண்டு வெடித்தார். புழுதி அடங்கியது. மறுபடி அஸ்திவாரத்திலிருந்து தொடங்கினார்கள். இன்னொரு சமயம், எஃகுக் கூடத்தின் இரும்புச் சட்டத்தில் ஏறிப் பார்த்தபோது சில போல்ட்டுகள் முழுதாக முறுக்கப்படாமல் இருப்பதைக் கண்டார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, சோதித்ததன் தலையில் சாக்பீஸால் குறி போடவைத்தார்.

தம்பி, நம்பிக்கை ஏன் உன்னிடம் நிற்க மாட்டேன் என்கிறது தெரியுமா? உன் அடித்தளத்தில் எங்கே மழுப்பினாய் என்று உனக்குத் தெரியும். காப்பியடித்துத் தேறிய தாள் எது, வேறொருவரின் புராஜெக்டை உன் பேரில் ஒப்படைத்தது எப்போது, புரியாமலே தாண்டி வந்த பாடம் எது என்று உனக்கு மட்டும் தெரியும். அதனால்தான் நேர்முகத் தேர்வில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மேடைப் பேச்சு ஆயிரம் கேட்டாலும் அந்த நடுக்கம் போகாது. இடித்துவிட்டு மறுபடி கட்டு. அந்த ஒரு பாடத்தை முதல் பக்கத்திலிருந்து படி. வெட்கப்படாதே, எண்பது விழுக்காடு முடிந்த கட்டடத்தை இடித்தவர்களே உலகத்தை ஜெயித்தார்கள்.

1978இல் சீனத் தலைவர் டெங் சியாவோபிங் ஜப்பானின் கிமிட்சு உருக்காலைக்குப் போனார். போஹாங்கில் இருப்பது போல ஓர் ஆலையை எங்களுக்கும் கட்டித் தர முடியுமா என்று கேட்டாராம். உங்களிடம் ஒரு பார்க் டே-ஜூன் இல்லையே என்று ஜப்பானிய எஃகுத் துறைப் பெரியவர் இனயாமா பதில் சொன்னாராம். கொரியர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செய்தி இது.

சுத்தமான கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய கொள்முதல் நடக்கிற இடத்தில் அரசியல்வாதிகள் சும்மா இருப்பார்களா? இவரிடம் வாங்கு, அவருக்குக் கொடு என்று நெருக்கினார்கள். 1970 பிப்ரவரியில் பார்க் டே-ஜூன் அதிபரிடம் போய் நிலைமையைச் சொன்னார். வாங்குவதில் யாரும் தலையிடக் கூடாது என்று எழுதிய தாளின் ஓரத்தில் அதிபர் கையெழுத்திட்டுக் கொடுத்தார். யார் முகத்தின் முன்னும் ஆட்டிக் காட்டலாம், அவ்வளவு வலிமையான காகிதம். அதை அவர் ஒரு முறைகூட வெளியில் எடுக்கவில்லை. அப்படி ஒன்று இருந்ததே அதிபர் இறந்த பிறகுதான் தெரியவந்தது. பையில் இருக்கிறது என்ற தெம்பே போதுமாக இருந்தது. காப்பீட்டு நிறுவனம் ஒன்று வழக்கப்படி திருப்பிக் கொடுத்த தரகுப் பணம் 6 கோடி வொன் கைக்கு வந்தபோது, அதை வைத்து ஊழியர்களின் பிள்ளைகளுக்காகக் கல்வி அறக்கட்டளை தொடங்கினார். ஆலை எழுவதற்கு முன்பே கடன் வாங்கி ஊழியர்களுக்கு வீடு கட்டியவரும் அவர்தான். அப்போது சிரித்தார்கள். 1986இல் போஹாங்கில் ஓர் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் எழுந்தது. இன்று ஆசியாவின் பேர்பெற்ற கல்விக்கூடங்களில் ஒன்று. 1988இல் நிறுவனத்தின் பங்குகள் மக்களுக்கு விற்பனையானபோது, அவர் தனக்கென்று ஒரு பங்குகூட எடுத்துக்கொள்ளவில்லை.

அவரை மகானாக்க வரவில்லை நான். அவர் கையில் எப்போதும் பிரம்பு இருந்தது, அதை நான் புகழ மாட்டேன். அவரைத் தாங்கிய அதிபர் ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த சர்வாதிகாரி. பார்க் டே-ஜூன் அரசியலுக்குப் போய் 2000இல் பிரதமரானார். வேறொருவர் பெயரில் சொத்து வைத்திருந்த விவகாரத்தில் சில மாதங்களிலேயே பதவி விலகினார். அவர் கட்டிய நிறுவனமும் எல்லா இடத்திலும் ஜெயிக்கவில்லை. 2005இல் நம் ஒடிசாவில் பெரிய உருக்காலை கட்ட போஸ்கோ ஒப்பந்தம் போட்டது. வெற்றிலைக் கொடிக்கால்களை விட மறுத்த விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நின்று போராடினார்கள். கடைசியில் நிறுவனம்தான் பின்வாங்கியது. கொரிய மணல்வெளியில் வென்ற உறுதியை ஒடிசா விவசாயியின் உறுதி வென்றது. அந்த விவசாயிகளின் தன்னம்பிக்கைக்கும் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறேன்.

ஆனாலும் மணலில் தொடங்கியவர்கள் நிற்கவில்லை. 1983க்குள் போஹாங் ஆலை 91 லட்சம் டன் திறனுக்கு வளர்ந்தது. தெற்கே குவாங்யாங்கில், சேறும் கடலுமாக இருந்த இடத்தை மண் கொட்டித் தூர்த்து இன்னோர் ஆலையை எழுப்பினார்கள். 1992 அக்டோபரில் இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு கோடியே பத்து லட்சம் டன் அளவை எட்டின. அந்த எஃகில்தான் கொரியாவின் கார்களும் கப்பல்களும் பிறந்தன. 1973இல் முதல் இரும்பைக் கொடுத்த அந்த முதல் உலை, ஐந்தரைக் கோடி டன்னுக்கு மேல் உருக்கிக் கொடுத்துவிட்டு, 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றது.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 2022 செப்டம்பர் 6. ஹின்னம்நோர் என்ற புயல். போஹாங் ஆலையை ஒட்டி ஓடும் ஓடை கரை புரண்டது. உலைகளை முன்னெச்சரிக்கையாக நிறுத்தி வைத்திருந்ததால் வெடிவிபத்து இல்லை. ஆனால் உருட்டாலைகளின் அடித்தளத்தில் பல மீட்டர் ஆழத்துக்குச் சேற்றுத் தண்ணீர் நிறைந்தது. மோட்டார்கள், மின்சாதன அறைகள், கம்பிவடங்கள் எல்லாம் மூழ்கின. ஆலை தொடங்கிய நாளிலிருந்து அதுவரை இல்லாதபடி மொத்தமும் நின்றது. இதைச் சரிசெய்ய ஓராண்டுக்கு மேல் ஆகும், ஆலையையே புதிதாகக் கட்டுவது மேல் என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. பழைய அறிக்கையின் பேரப்பிள்ளைகள்!

ஊழியர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஓய்வு பெற்றவர்கள் திரும்பி வந்தார்கள். அண்டைத் தொழிற்சாலைகள் ஆள் அனுப்பின. மின்சாதனங்களைக் காய வைக்கத் தலைமுடி உலர்த்தும் கருவி முதல் விவசாயிகள் மிளகாய் உலர்த்தும் கருவி வரை கொண்டுவந்தார்கள். பல டன் எடையுள்ள மோட்டார்களைக் கழற்றி, கழுவி, உலர்த்தி, மறுபடி பூட்டும் வேலையை, வெளிநாட்டு உற்பத்தியாளரை எதிர்பாராமல், அங்கேயே ஆண்டாண்டாகக் கை பழகிய மூத்த தொழிலாளிகள் முன்னின்று செய்தார்கள். புதிதாகவே வேண்டியிருந்த இயக்கச் சாதனத்துக்கு ஆர்டர் கொடுத்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்போது நம் நாட்டு ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனம், தன் சொந்த ஆலைக்கு என்று செய்துவைத்ததைத் தூக்கிக் கொடுத்தது. நம் மேட்டூர் பக்கம் பொட்டனேரியில் உருக்காலை வைத்திருக்கிறதே, அதே நிறுவனம்தான். போட்டியாளர் கை நீட்டுகிறார் என்றால் நீ விழுந்த இடத்தில் எப்படிக் கிடந்தாய் என்பதை அவர் பார்த்திருக்கிறார்.

135 நாள். 2023 ஜனவரியில் எல்லா ஆலைகளும் ஓடின.

விழாவெடுத்துக் களைப்பாறினார்களா? ஓடைக்கரைக்குப் போனார்கள். தண்ணீர் நுழைந்த வழி நெடுக இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான நீளத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள்.

உன் வீட்டுக்குள் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று உனக்குத் தெரியும். கடந்த தேர்வில் எந்தத் தாளில் கவிழ்ந்தாய், கடை எந்த மாதம் நட்டத்துக்குத் திரும்பியது, எந்தக் கேள்விக்கு வாய் அடைத்துப் போனாய் என்பதெல்லாம் தெரியும். எழுந்திரு, அந்த இடத்துக்கு இன்றைக்கே போ, முதல் கல்லை வை!